செல்போனும் ஒரு பண்ணைக் கருவிதான்!

மண்வெட்டி, களைக்கொத்து, கோனோவீடர் வரிசையில் இன்னொரு கருவியும் இப்போது நம் எல்லோர் கையிலும் இருக்கிறது. செல்போன் கேமரா. பேரப்பிள்ளை பிறந்தநாளுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் அதில் படம் எடுக்கிறோம். வயலில் ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்தாலும் உடனே ஒரு படம். "அண்ணே, இது என்ன பூச்சி, என்ன அடிக்கலாம்?" என்று தெரிந்தவருக்கு அனுப்பிவிடுகிறோம்.

எங்கள் பகுதி இயற்கை விவசாயிகள் கூட்டங்களில் பூச்சிகளைப் பற்றிப் பேசுகிறவன் என்பதால், அப்படிப்பட்ட படங்கள் எனக்குத் தினமும் வரும். காலையில் மாடு கறந்து முடிக்கிறதுக்குள்ள நாலைந்து வந்து கிடக்கும். அதில் பலவற்றை வைத்து ஒன்றுமே சொல்ல முடியாது. இலை தெரியும், பூச்சி தெரியாது. பூச்சி தெரிந்தால் கலங்கியிருக்கும். உச்சி வெயிலில் எடுத்த படத்தில் பச்சை இலையே வெள்ளையாக மின்னும்.

படம் சரியில்லை என்றால் பதில் சரியாக வராது. பதில் சரியில்லை என்றால் தேவையில்லாத தெளிப்பு, வீண் கூலி. அதைவிடப் பெரிய நட்டம், சம்பளம் வாங்காமல் நமக்கு வேலை செய்கிற பூச்சிகள் சாவது. 'எது இருந்தாலும் சாகட்டும்' என்று அடிக்கிறவருக்குப் பூச்சியின் பெயர் தேவையில்லை. நமக்கு அப்படி இல்லை. எது நண்பன், எது பகைவன் என்று பிரித்துப் பார்ப்பதில்தான் நம் வேளாண்மை நிற்கிறது.

அதனால் நல்ல படம் எடுப்பது எப்படி என்று இந்த இதழில் கொஞ்சம் பேசலாம். அழகுக்காக எடுக்கிற படம் இல்லை. வயலுக்கே வராத ஒருவர், வரப்பில் நின்று பார்த்த மாதிரி புரிந்துகொள்ளும்படியான படம். அதற்கு விலை உயர்ந்த போன் தேவையில்லை.

மாவுப்பூச்சியா, அதைத் தின்பதா?

போன சித்திரையில் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் கொய்யாத் தோட்டத்திலிருந்து ஒரு படம் அனுப்பினார். கிளை முழுக்க வெள்ளை வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. கூடவே குரல் பதிவு: "அண்ணே, மாவுப்பூச்சி ஏறிடுச்சு. சோப்புக் கரைசல் கலக்கி வச்சுட்டேன். எத்தனை நாளைக்கு ஒருக்கா அடிக்கணும்?"

"கொஞ்சம் பொறு தம்பி. ஒரு கிளையை நிழலுக்கு வளைச்சுப் பிடி. பக்கத்துல பிள்ளைங்க வச்சிருக்கிற ஸ்கேலை வச்சு ரெண்டு படம் எடு. அப்புறம் பத்து விநாடி வீடியோ ஒண்ணு. அதுங்க நகருதா, இல்ல ஒட்டிக்கிட்டே கிடக்குதான்னு பாக்கணும்" என்றேன்.

கால் மணி நேரத்தில் வந்தது. ஸ்கேலுக்குப் பக்கத்தில் மூன்று மில்லிமீட்டர் அளவில் நிறைய பூச்சிகள். அவற்றுக்கு நடுவே பத்து மில்லிமீட்டருக்கு மேல் நீளமாக, உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு நூல் நூலாகத் தொங்க, சில. வீடியோவில் அந்தப் பெரியவை விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தன. மாவுப்பூச்சி அப்படி நடக்காது. அது கிரிப்டோலேமஸ் என்கிற பொறிவண்டின் புழு. மாவுப்பூச்சியைத் தின்று வளர்வது. பார்வைக்கு மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இந்தப் பொறிவண்டை 1898-லேயே நம் நாட்டுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். வளர்ந்த வண்டு கருப்பாகவும், தலையும் உடம்பின் கடைசி நுனியும் ஆரஞ்சு நிறமாகவும் இருக்கும்.

"சோப்புக் கரைசலைக் கீழ வை தம்பி. உனக்கு முன்னாடியே ஆள் வேலைக்கு வந்தாச்சு" என்றேன். அவர் தெளிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து அதே கிளையை எடுத்து அனுப்பினார். காய்ந்துபோன வெள்ளைத் தடம்தான் மிச்சம்.

முதல் படத்துக்கும் அடுத்து வந்ததற்கும் என்ன வித்தியாசம்? போன் ஒன்றுதான், ஆள் ஒருவர்தான். நிழல், ஸ்கேல், கிட்டப் பார்வை, நகர்வு ஆகிய நான்கும் சேர்ந்தன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் துடையுங்கள்

வயல்காட்டுப் போனின் லென்ஸில் வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, மண்தூசு எல்லாம் ஒட்டியிருக்கும். படம் பனி மூடிய மாதிரி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். சுத்தமான பழைய பருத்தித் துணியால் மெதுவாகத் துடையுங்கள். மணல் ஒட்டியிருந்தால் முதலில் ஊதிவிட்டுத் துடையுங்கள், இல்லாவிட்டால் கீறல் விழும்.

இன்னொன்று, போனுக்கு ஒரு கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். இடுப்பில் சொருகின போன் எப்படியும் ஒருநாள் சேற்றில் விழும்.

வெளிச்சம்தான் பாதி வேலை

காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை, மாலையில் நான்கிலிருந்து ஐந்து வரை நல்ல நேரம். வெயில் சாய்வாக விழும்போது இலையின் நரம்பு, புழுவின் முடி, மண்ணின் கட்டி எல்லாம் எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் வெளிச்சம் ஒரு பக்கம் வெளுத்தும், நிழல் ஒரு பக்கம் கருத்தும் போய்விடும்.

மத்தியானத்தில்தான் எடுத்தாக வேண்டும் என்றால், குடை பிடித்து நிழல் உண்டாக்குங்கள். வெள்ளைத் துண்டையோ பழைய வேட்டியையோ வெயிலுக்குக் குறுக்கே ஒருவர் விரித்துப் பிடித்தால் இன்னும் நல்லது. வெளிச்சம் வடிகட்டி இறங்கும். இலையின் அடிப்பக்கம் இருட்டாக இருந்தால், கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். வெளிச்சம் பட்டுத் திரும்பி மேலே ஏறும். ஃபிளாஷ் வேண்டாம். அது இலையைப் பளபளக்க வைத்து விவரத்தை மறைத்துவிடும்.

பொழுது சாயும் நேரத்தில் எச்சரிக்கை தேவை. மஞ்சள் வெயிலில் நல்ல இலையும் மஞ்சளாகத் தெரியும். படத்தைப் பார்க்கிறவர் சத்துக் குறைபாடு என்று நினைத்துவிடுவார். ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாள் துண்டு தெரியும்படி எடுத்தால் குழப்பம் இருக்காது. தாளே மஞ்சளாக இருந்தால், மஞ்சள் வெயிலிலிருந்து வந்தது என்று புரிந்துவிடும்.

சில போன்களில் காட்சியைத் தானாக மெருகேற்றும் வசதி இருக்கிறது. செடியைக் கண்டால் பச்சையை இன்னும் பச்சையாக்கிவிடும். கல்யாண வீட்டுக்கு அது சரி, வயலுக்கு ஆகாது. வெளிறிய இலையும் வளமாகத் தெரிந்தால் வைத்தியம் எப்படிப் பார்ப்பது? அதை அணைத்து வையுங்கள். பில்டரும் வேண்டாம்.

கிட்டப் போகும்போது

சின்னப் பூச்சியை எடுக்க எல்லோரும் செய்வது, போனைப் பூச்சியின் மூக்கிலேயே கொண்டுபோய் வைப்பது. பெரும்பாலான போன்களில் பத்து செ.மீ.க்கும் கிட்டே போனால், அதாவது அரைச் சாணுக்கும் நெருங்கினால், ஃபோகஸ் ஆகாது. கொஞ்சம் பின்வாங்கி, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். 'மேக்ரோ' வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அதற்குமேல் ஜூமை இழுக்க வேண்டாம். பல போன்களில் அது படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிற வேலைதான், புதிதாக எந்த விவரமும் சேராது.

பூச்சி பார்க்க வைத்திருக்கிற கை லென்ஸை போன் லென்ஸுக்கு முன்னால் ஒட்டினாற்போல் பிடித்தும் எடுக்கலாம். அசுவினியின் கால், சிலந்திப்பேனின் முட்டை வரைக்கும் தெரியும்.

எடுப்பதற்கு முன் திரையில் பூச்சியின் மேல் விரலால் ஒரு தட்டு. கேமரா அந்த இடத்தைத் தெளிவாக்கும். காற்றில் செடி ஆடினால் தண்டை இடது கையால் பிடித்துக்கொள்ளுங்கள். திரையைத் தொடும்போது போன் குலுங்கினால், ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பல போன்களில் அதுவே படம் எடுக்கும். வெளிச்சம் குறைந்த நேரத்தில் கேமரா அதிக நேரம் கண் திறந்து வைத்திருக்கும், அப்போது சின்ன ஆட்டமும் படத்தைக் கலக்கிவிடும். முழங்கையை உடம்போடு ஒட்டி, மூச்சை ஒரு கணம் பிடித்து எடுங்கள். ஒன்றுக்குப் பத்து எடுத்து, நல்லதை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம். இப்போது ஃபிலிம் சுருள் காசு இல்லையே.

அளவுக்கு ஸ்கேல்தான் நல்லது. காசு வைத்து எடுப்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு ரூபாய்க் காசிலேயே பெரிது, சிறிது என்று பல அளவு புழக்கத்தில் இருக்கிறது.

ஒரு பிரச்சினைக்கு நான்கு படங்கள்

ஒரு படத்தில் எல்லாம் தெரிந்துவிடாது. நான் எல்லோரிடமும் கேட்பது நான்கு படங்கள்.

ஒன்று, வயல் முழுவதும். பாதிப்பு வட்டத் திட்டாக இருக்கிறதா, வரப்போரமாக இருக்கிறதா, பரவலாக இருக்கிறதா என்று தெரிய. நெல்லில் வட்ட வட்டமாகக் காய்ந்தால் புகையானைச் சந்தேகிக்கலாம். ஆனால் மேலிருந்து எடுத்த படத்தில் புகையான் தெரியவே தெரியாது. அது தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும். பயிரை விலக்கிப் பிடித்து, போனைக் கீழே இறக்கி எடுக்க வேண்டும்.

இரண்டு, ஒரு முழுச் செடி. மஞ்சள் அடியிலைகளில் தொடங்குகிறதா, குருத்திலா என்பது இதில்தான் தெரியும். தழைச்சத்து குறைந்தால் முதலில் முதிர்ந்த அடியிலைகள் வெளுக்கும். இரும்புச்சத்து குறைந்தால் இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்து நிலக்கடலையில் இதை அடிக்கடி பார்க்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒற்றை இலையைப் பறித்துக் கையில் வைத்து எடுத்த படம் இதைச் சொல்லாது.

மூன்று, பாதிக்கப்பட்ட இலையும் நல்ல இலையும் பக்கத்தில் பக்கத்தில். இலையின் மேல்புறம் ஒன்று, அடிப்புறம் ஒன்று.

நான்கு, பூச்சியோ புள்ளியோ மிகக் கிட்டத்தில், ஸ்கேலோடு. புழு என்றால் தலையும் வாலும் தெரிய வேண்டும். 2018-ல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு, பிறகு நம் மக்காச்சோளத்தைப் பாடாய்ப் படுத்திய படைப்புழுவை எப்படி அடையாளம் காண்கிறோம்? தலையில், ஆங்கில ஒய் எழுத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு வெளிர் கோடு. வால் பக்கம், கடைசிக்குச் சற்று முன்னால், சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். முதுகின் நடுப்பகுதியை மட்டும் எடுத்து அனுப்பினால் எந்தப் புழுவும் எந்தப் புழுவாகவும் இருக்கலாம்.

மாவுப்பூச்சியிலும் அப்படித்தான். 2008-ல் கோவைப் பகுதியில் தென்பட்டுப் பப்பாளியையும் மல்பெரியையும் மரவள்ளியையும் வாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியை, 2010-ல் கொண்டுவரப்பட்ட அசிரோபேகஸ் பப்பாயே என்கிற நுண்ணிய குளவிதான் அடக்கியது. குளவி வளர்ந்த மாவுப்பூச்சி உப்பி, கெட்டியாகி, நிறம் மாறிக் கிடக்கும். கிட்டப் படத்தில் அப்படிச் சில தெரிந்தால் தெளிப்பைத் தள்ளிப்போடலாம்.

படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகள் இருக்கின்றன. பயன்படுத்தலாம், தப்பில்லை. ஆனால் செயலி சொல்வது ஒரு யூகம்தான். மங்கலான படத்தைக் கொடுத்தாலும் அது ஏதோ ஒரு பெயரைச் சொல்லும். அனுபவசாலி ஒருவரிடமும் காட்டிய பிறகே கரைசல் வாளியைத் தூக்குங்கள்.

கருப்புக் கவுனி ஏன் சாம்பலாகிறது?

நேரடி விற்பனை செய்கிறவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. "நேர்ல கருகருன்னு இருக்கு, படத்துல வெளிறிப் போகுதே?"

கேமராவுக்கு எதிரே இருப்பது அரிசியா, சுண்ணாம்பா என்று வெளிச்சம் அளக்கும்போது தெரியாது. கருப்பும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஒரு நடுத்தரத்துக்கு எல்லாவற்றையும் கொண்டுவரப் பார்க்கும். அதனால் திரை முழுக்கக் கருப்பு அரிசி இருந்தால் 'இருட்டாக இருக்கிறது' என்று வெளிச்சத்தைக் கூட்டிச் சாம்பலாக்கிவிடும். திரை முழுக்க வெள்ளைத் தூயமல்லி அரிசி இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்து அழுக்காக்கிவிடும்.

தீர்வு எளிது. திரையில் அரிசியைத் தட்டினால் பல போன்களில் ஒரு சூரியன் குறி வரும். கருப்புப் பொருளுக்கு அதைக் கீழே இறக்குங்கள், வெள்ளைப் பொருளுக்கு மேலே ஏற்றுங்கள். கையில் இருக்கிற பொருளும் திரையில் தெரிகிற பொருளும் ஒரே நிறமாகும்வரை சரிசெய்து எடுங்கள்.

வெல்லத்துக்கு இது ரொம்ப முக்கியம். வெளுக்கிற ரசாயனம் போடாத நம் வெல்லம் கருத்துத்தான் இருக்கும். படத்தில் அது பொன்னிறமாக மின்னினால், எதை வேண்டாம் என்று வாடிக்கையாளர் நம்மிடம் வருகிறாரோ அதையே நாம் காட்டுகிற மாதிரி ஆகிவிடும். சொத்தைக் கத்தரிக்காயை மறைக்கிற கோணமும் வேண்டாம். படத்தைப் பார்த்துப் பணம் போட்டவர் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஏமாறக் கூடாது. ஒருமுறை ஏமாந்தவர் மறுபடி வரமாட்டார்.

விதைக்கு ஒரு அடையாள அட்டை

நெல் ஜெயராமன் ஐயா 150-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் வகைகளைத் தேடி மீட்டார். திருத்துறைப்பூண்டி பக்கம் நடக்கும் நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கிப் போனவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தருவது வழக்கம். அப்படிக் கைமாறிக் கைமாறித்தான் மாப்பிள்ளைச் சம்பாவும் காட்டுயானமும் பூங்காரும் இன்று ஊர் ஊராக நிற்கின்றன. ஆனால் கை மாறும்போது சில நேரம் பெயரும் மாறுகிறது, கலப்பும் சேர்கிறது. 'இது எங்க ஊர் கிச்சிலிதான்' என்று ஒருவர் சொன்னால், ஒத்துப் பார்க்க நம்மிடம் என்ன இருக்கிறது?

அதனால் விதை வைத்திருக்கிற ஒவ்வொருவரும் ஒவ்வொரு ரகத்துக்கும் ஐந்து படங்கள் எடுத்து வையுங்கள். தூர் கட்டும்போது தண்டடி நிறம் தெரிய ஒன்று. கதிர் முற்றிய பிறகு, உயரம் தெரிய, பக்கத்தில் ஒரு ஆளோ அளவுக் குச்சியோ நிற்க முழுப் பயிர் ஒன்று. தனிக் கதிர் ஒன்று. நெல்மணி பத்து, ஸ்கேலோடு. மணியின் நுனியில் மீசை இருக்கிறதா என்று தெரிய வேண்டும். கடைசியாக, உமி நீக்கிய அரிசி பத்து. வெளிர் நிற மணிக்குக் கருப்புத் துணி, கருப்பு மணிக்கு வெள்ளைத் துணி. போனைச் சாய்க்காமல் நேர் மேலே பிடியுங்கள்.

2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தின்படி விவசாயிகளே தங்கள் ரகத்தைப் பதிவு செய்ய உரிமை இருக்கிறது. ஒரு ரகம் மற்றதிலிருந்து எப்படித் தனித்து நிற்கிறது என்று சொல்ல வேண்டி வரும்போது, பல பருவமாக எடுத்த இந்தப் படங்கள் கைகொடுக்கும்.

ஒரே இடம், ஒரே நாள்

சொந்தக்காரர் ஒருவர் பொங்கலுக்கு வந்தபோது கேட்டார்: "இவ்வளவு வருசமா இயற்கை விவசாயம்ங்கிற, என்னதான்யா மாறியிருக்கு?" நான் வாக்குவாதம் பண்ணவில்லை. எங்கள் மேட்டு நிலத்து எல்லைக்கல்லுக்குப் பக்கத்தில் நின்று, நாலு வருடமாக அமாவாசைக்கு அமாவாசை எடுத்த படங்களை வரிசையாகத் தள்ளிக் காட்டினேன். முதல் வருடம் வெறும் செம்மண், மழை அரித்த ஓடை. அப்புறம் பலதானிய விதைப்பு, மூடாக்கு, வரப்பில் கிளுவை வேலி. பிறகு அதே ஓடை தூர்ந்து புல் பிடித்த தரை. அவர் கடைசிவரை பேசாமல் பார்த்துவிட்டு, "இந்தப் பலதானியம் எங்க கிடைக்கும்?" என்று கேட்டார்.

நீங்களும் செய்யலாம். பண்ணையில் இரண்டு மூன்று இடங்களில் கல்லோ குச்சியோ நட்டு வையுங்கள். அதே இடத்தில் நின்று, அதே திசை, நெஞ்சு உயரம், போன் படுக்கைவாட்டில், கிட்டத்தட்ட அதே நேரம். ஏதாவது மரமோ கம்பமோ எல்லாப் படத்திலும் ஒரே ஓரத்தில் வந்தால், ஒப்பிடச் சுலபம்.

இப்படி எடுத்து வைத்த படம் சேத காலத்திலும் உதவும். பிரதமர் பயிர்க் காப்பீட்டில் ஆலங்கட்டி மழை போன்ற குறிப்பிட்ட பகுதிச் சேதங்களை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அதிகாரிகள் வந்து பார்ப்பதற்குப் படம் மாற்று ஆகாது. ஆனால் சேதத்துக்கு முன் வயல் எப்படி இருந்தது, பின் எப்படி ஆனது என்று பேச நம் கையில் ஒரு ஆதாரம் இருக்கும். சேதப் படத்தில் கிணறு, மின்கம்பம், எல்லைக்கல் என்று உங்கள் நிலம்தான் என்று காட்டுகிற ஏதாவது ஒன்று தெரிய வேண்டும்.

அனுப்புவதும் சேர்த்து வைப்பதும்

இவ்வளவு பாடுபட்டு எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால், அது படத்தைச் சுருக்கிவிடும். புழுவின் தலைக்கோடு போய்விடும். படத்தை 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள், முழுத் தெளிவோடு போகும். எடுத்த தேதி, நேரமும் படத்தோடு ஒட்டிப் போகும். போனில் இருப்பிடப் பதிவை இயக்கியிருந்தால் இடமும் சேர்ந்து போகும் என்பதை நினைவில் வையுங்கள். சந்தன மரத்தையோ அரிய மூலிகையையோ ஊருக்கெல்லாம் அனுப்பும்போது அதை அணைத்துவிடுவது நல்லது.

படத்தோடு ஐந்து விவரம் எழுதுங்கள்: பயிர், ரகம், வயது, பாதிப்பைப் பார்த்த நாள், இதுவரை என்ன தெளித்தீர்கள். பண்ணை நாட்குறிப்பிலும் அன்றைய தேதியில் 'படம் எடுத்தது' என்று ஒரு வரி. மாதம் ஒருமுறை நல்ல படங்களைக் கணினியிலோ பென்டிரைவிலோ ஏற்றி வையுங்கள். போன் தொலைந்தால் நாலு வருட வயலும் தொலைந்துவிடும்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் வருகிற அக்கா, அண்ணன்மாரைப் படம் எடுக்கும் முன் கேட்டுவிட்டு எடுங்கள். எடுத்த படத்தை அவர்களுக்கும் காட்டுங்கள். குனிந்த முதுகை மட்டும் எடுக்காமல், அவர்கள் நிமிர்ந்து சிரிக்கும்போதும் ஒன்று எடுங்கள்.

நாளைக் காலை வயலுக்குப் போகும்போது ஸ்கேல் ஒன்றும் வெள்ளைத் தாள் ஒன்றும் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சி தேடி அலைய வேண்டாம். ஒரு தட்டப்பயறுச் செடியின் இளங்குருத்தைத் திருப்பிப் பாருங்கள். அசுவினி இருந்தால், பக்கத்திலேயே பொறிவண்டின் புழுவோ, நூல் மாதிரிக் காம்பின் நுனியில் நிற்கிற கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டையோ இருக்க வாய்ப்பு உண்டு. அதைப் பத்துப் படம் எடுத்துப் பழகுங்கள். பதினோராவது படம் தெளிவாக வரும். அதை அடுத்த கூட்டத்துக்கு எடுத்துட்டு வாங்க, எல்லாரும் சேர்ந்து பாக்கலாம்.